வின்ச்சுக்கு ரெண்டு பேர்

நைனா,

இன்று காலை பஸ்ஸில் உன் வாடை வந்தது.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்தபடி ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் துறைமுகத்திலிருந்து திருவொற்றியூருக்கு வீடு திரும்புகிறவர். காக்கிச் சட்டை. காலர் மடிப்பில், காது மடலில், புருவத்தில் எல்லாம் மஞ்சள் தூள். கந்தகக் கப்பல். என் பக்கத்தில் இருந்த ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சே, கலீஜு. குளிச்சிட்டு ஏறினா இன்னாவாம்?" என்றாள். அந்த ஆள் திரும்பினார். "எங்க குளிக்கிறது? டாக்குல எனக்கோசரம் பாத்ரூம் கட்டி வெச்சிகீறானா உன் ஊட்டுக்காரன்?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் அவர் சட்டைப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து மூச்சை இழுத்துக்கொண்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அம்மாவைப் பற்றி, உன் லூர்துவைப் பற்றி, உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கிறிஸ்துமஸில் நடந்தது. நேராகச் சொன்னாலே உனக்குப் புரிந்துவிடும். ஆனால் என்னால் அதை நேராகச் சொல்ல முடியவில்லை. முதலிலிருந்து வந்தால்தான் அதற்கு அர்த்தம்.

அம்மாவுக்கு அந்த மறதி எப்போது ஆரம்பித்தது என்று நாம் இரண்டு பேரும் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறோம். மீன் குழம்பில் புளி ஊற்றாமல் இறக்கி வைத்தாளே, அன்றைக்கு என்பாய் நீ. ராயபுரம் மார்க்கெட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டே "யாரு பொண்ணுமா நீ?" என்று கேட்டாளே, அன்றைக்கு என்பேன் நான். எதுவாக இருந்தாலும், அவள் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு உனக்குச் சோறு கொண்டு போகிறேன் என்று கிளம்பிய பிறகுதான் நமக்கு உறைத்தது. நீ அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். கேரியரில் சோறும் இல்லை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் லைனில் தண்டவாளத்துக்கு நடுவில் நடந்து போனவளை ரயில்வேக்காரர் ஒருவர் இழுத்து வெளியே போட்டு, விசாரித்து, வீட்டில் கொண்டுவந்து விட்டார். "இன்னாயா ஆளுங்க நீங்க, ஒரு பொம்பளயப் பாத்துக்க முடியாது?" என்று உன்னைத் திட்டிவிட்டுப் போனார். நீ அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய்.

டாக்டர் நல்லவர்தான். "மூளை தேய்கிறது. மருந்து இல்லை. எந்நேரமும் ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும்" என்றார். அவர் சொன்ன அந்த 'ஒரு ஆள்' நம் வீட்டில் வந்து விழுந்தது. விழுந்த இடம் என் தலை. வந்தவர் போனவர் எல்லாரும் அம்மாவை ஒரு முறை பார்த்தார்கள், அடுத்து என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் வேலைக்குப் போகலாம், சம்பளம் கொண்டுவரலாம், அதெல்லாம் வீட்டுக்கு ஒரு ஆள் தேவைப்படும் வரைக்கும்தான். அப்புறம் அவள் வேலை ஒரு விளையாட்டாகிவிடும்.

உன் தங்கச்சிதான் வாயைத் திறந்து சொன்னது. "இன்னா யோசனை பண்ணிகினு கீற? குத்துக்கல்லாட்டம் பொண்ணு கீறா. வேலைய வுட்டுட்டு வூட்ல குந்தச் சொல்லு. கம்பெனில போயி நட்டு எண்ணலன்னா இன்னா கெட்டுப்பூடும்?"

நீ பீடியைக் கீழே போட்டு நசுக்கினாய். "அவ எண்ற நட்டு உனக்கு எங்க குத்துது?"

"சொன்னா கோவம் மட்டும் வந்துடும். ஊருல நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

"அந்த நாலு பேரையும் வரச் சொல்லு. ஆளுக்கு ஒரு நாளு லூர்து கூட குந்தட்டும். இல்லாங்காட்டி வாயப் பொத்திகினு போவட்டும். தோ பாரு, இவ படிக்கறதுக்கு மூக்குத்திய வித்தவ லூர்து. அவள வெச்சிக் காப்பாத்தறேன்னு சொல்லி, அவ ஆசப்பட்டத அறுத்துப் போட மாட்டேன். ஆவாது."

அத்தை கோபித்துக்கொண்டு போனது. நானும் அன்றைக்கு அழுதேன், நைனா. உன் மேல் இருந்த நன்றியில் அல்ல, பயத்தில். நீ என்னைக் காப்பாற்றிவிட்டாய், சரி. உன்னை யார் காப்பாற்றுவது?

அப்படித்தான் ஆனது. ராத்திரி ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாய். ராத்திரி அவள் என் பொறுப்பு, பகல் முழுக்க உன் பொறுப்பு. தூங்குவதற்கு உனக்கு எந்த நேரமும் மிச்சமில்லை. நான் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது, அவள் முந்தானை நுனியை உன் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பாய். அவள் எழுந்தால் நீயும் எழுவாய். அவள் வாசலுக்குப் போனால் நீயும் பின்னாடியே. தெருப் பிள்ளைகள் "மாட்டுக்காரன் வரான்டோய்" என்று கத்தின. ஒன்றை நான் அறைந்தேன். அதன் அம்மா சண்டைக்கு வந்தாள். அவளோடும் சண்டை போட்டேன். அந்தக் காலத்தில் எனக்குச் சண்டை போட ஆள் கிடைத்தால் போதும்.

உன்னை மாற்றியது என் சண்டை அல்ல, காதர் பாய். வின்ச்சில் உன் ஜோடி. கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் வின்ச் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர்; ஒருவர் ஓட்டினால் ஒருவர் ஓய்வில் இருப்பார், பிறகு இவர் ஏறுவார், அவர் இறங்குவார். அந்த ஜோடியில்தான் நீங்கள் இருவரும் தலை நரைத்தீர்கள். ஒரு நாள் காலை ஷிஃப்ட் முடித்து உன்னோடு கூடவே வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றார்.

"எம்மா, உங்க நைனா நேத்து கொலகாரன் ஆயிருப்பான்," என்றார் என்னிடம். "கோதும மூட்ட அந்தரத்துல தொங்கிகினு கீது. கீழ ஆளுங்க கீறாங்கோ. இவன் கைப்பிடிய புடிச்சிகினே தூங்கறான். மூட்ட கட்டின சிலிங்கு கயிறு சரசரன்னு எறங்குது. நான் ஓடிப்போய்ப் புடுங்கினேன். கீழ கீறவன்லாம் எகிறிக் குதிச்சான். நல்ல காலம்."

அவர் உன் பக்கம் திரும்பினார்.

"மாமு, வின்ச்சுக்கு எதுக்கு ரெண்டு பேரு? மொதலாளி நம்ம மேல ஆசப்பட்டா போட்டான்? கொடி புடிச்சி, கத்தி, அடி வாங்கி வாங்கினோம். ரிலீவர் இல்லாம எவனும் வின்ச்சு மேல ஏற மாட்டோம்னு நீதான மைக்குல கத்தின? இப்ப வூட்ல உனக்கு எவன்டா ரிலீவர்?"

"என் பொண்டாட்டி இன்னா வின்ச்சாடா, பேமானி?"

"அவ வின்ச்சு இல்லடா. நீ வின்ச்சுமேன். தூங்கிகினே ஓட்டற வின்ச்சுமேன். கீழ நிக்கறது அவ."

இதைச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நீ அம்மாவைப் பார்த்தாய். அவள் உன் சட்டைப் பித்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

தண்டையார்பேட்டைப் பக்கம் வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் கன்னியர் மடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். பெரிய சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார். "ஆனால் இங்கே வருகிறவர்களுக்கு யாருமே இருக்க மாட்டார்கள். அந்த அம்மாவுக்குத்தான் நீங்கள் இருக்கிறீர்களே" என்றார்.

"அதாங்க சிஸ்டர் கேக்கறேன்," என்றாய். "நான் இருக்கணும் இல்ல?"

நீ விடவில்லை. "ஒரேடியா இல்ல. ரெண்டு வாரம் வெச்சிக்குங்க. நான் தூங்கி எழுந்து வந்து இட்டுகினு போயிடறேன். ரிலீவர் மாதிரி." ரிலீவர் என்றால் என்ன என்று அவர் கேட்க, இரண்டு கையாலும் கைப்பிடியை இழுத்து விட்டு, காற்றில் மூட்டையை ஏற்றி இறக்கி, பெஞ்சிலிருந்து இறங்கி, அங்கே நின்ற என்னை ஏற்றி உட்கார வைத்துக் காட்டினாய். அந்த வரவேற்பறையில் மாதா படத்துக்குக் கீழே ஒரு கப்பலே வந்து நின்றது. சிஸ்டர் சிரித்துவிட்டார். "சரி, நாங்கள் உங்களுக்கு ரிலீவர்" என்றார்.

அந்த இரண்டு வாரம் தெரு பேசிய பேச்சு எனக்கு இன்னும் காதில் கொதிக்கிறது. 'பொண்டாட்டிய அநாத மடத்துல தள்ளிட்டான்.' மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது வெள்ளை முக்காடுகளுக்குள்ளிருந்து வந்த பேச்சு அது. தள்ளிட்டான்! அம்மா தண்டவாளத்தில் நடந்தபோது இந்த முக்காடுகளில் ஒன்றாவது வந்து ஒரு மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததா? மாமியாரை அறையில் போட்டுப் பூட்டிவிட்டு மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். அதற்குப் பெயர் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது. பங்களாக்காரன் ராத்திரிக்கொரு ஆயா பகலுக்கொரு ஆயா வைத்தால் அதற்குப் பெயர் கவனிப்பு. மூட்டை இறக்குகிறவன் உதவி கேட்டால் மட்டும் தள்ளிவிட்டது. இதை நான் கோயில் வாசலிலேயே கத்தினேன். நீ என்னை இழுத்துக்கொண்டு வந்தாய். "வுடு. மூச்ச வீணாக்காத. பசிக்குது, வா" என்றாய். நீ பசிக்கிறது என்று சொல்லி நான் கேட்டு அத்தனை நாளாகியிருந்தது.

நீ தூங்கினாய், நைனா. ஷிஃப்டுச் சங்கு ஊதியும் எழவில்லை. எழுந்து, முகம் மழித்து, காசிமேட்டிலிருந்து நெத்திலி வாங்கி வந்து நீயே வறுத்தாய். வறுத்துவிட்டு, "லூர்துக்குக் கொஞ்சம் கொண்டு போவலாமா?" என்றாய். கொண்டு போனோம். பிறகு அவளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். நகம் வெட்டி, தலை வாரி, இறுக்கமாகப் பின்னல் போட்டு அனுப்பியிருந்தார்கள். அந்த மடம் மோட்சம் ஒன்றும் இல்லை. பினாயில் நெடி, தினமும் அதே கஞ்சி, வாய் நீளமான ஒரு ஆயா, எல்லாம் இருந்தன. ஆனால் அம்மா உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவளைத் திரும்பக் கையில் வாங்கிக்கொண்ட நீயும் பழைய ஆளாக இருந்தாய். அவள் ஒரே கேள்வியை ஓயாமல் கேட்டபோது ஓயாமல் பதில் சொன்னாய். இடையில் பாட்டு வேறு பாடினாய். தூங்கியவனால்தான் அது முடியும்.

கொஞ்ச காலம் இப்படியே ஓடியது. கொஞ்ச நாள் அங்கே, மீதி நாள் இங்கே. பிறகு ஒரு நாள், நீ தண்ணீர்க் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, அவள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்ற வைத்து முந்தானையையும் பற்ற வைத்துக்கொண்டாள். ஓடி வந்து அணைத்ததில் வெந்தது உன் உள்ளங்கை. அந்தக் கட்டோடு பெரிய சிஸ்டர் முன்னால் போய் நின்றாய். "இனிமே அவ இங்கயே..." என்று ஆரம்பித்தாய். அவரே, "இருக்கட்டும்" என்று முடித்து வைத்தார்.

அதன் பிறகுதான் நாம் அந்தத் தப்பைச் செய்தோம். நம்மைப் போன்ற கோயில் ஜனம் மட்டும் செய்யக்கூடிய தப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடித்து அப்படியே மடத்துக்குப் போவோம். நீ வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தலையில் எண்ணெய். நான் பட்டுப் புடவை. நல்ல உடுப்பில் போவதுதான் அவளுக்கு மரியாதை என்று நினைத்தோம். உன்னை அந்தக் கோலத்தில் பார்த்ததும் அம்மா துள்ளி எழுவாள். தலையில் முக்காடு போடுவாள். "பூசைக்கு ரெண்டாம் மணி அட்ச்சிட்டாங்களா? வாய்யா போலாம்" என்று உன் கையைப் பிடிப்பாள். பூசை முடிஞ்சிடுச்சு என்று சொன்னால் புரியாது. நீ கிளம்பும்போது கூடவே கேட் வரைக்கும் வருவாள். கேட்டை மூடினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்ன வுட்டுட்டு போறியே" என்று கதறுவாள். நீ தெருமுனை வரைக்கும் காதைப் பொத்திக்கொண்டு நடப்பாய். ஒரு வாரம் முழுக்க அந்தச் சத்தத்தோடு வேலை செய்வாய். அடுத்த ஞாயிறு மறுபடியும் வெள்ளை வேட்டி. கடைசியில், "தெரு சொன்னதுதான் நெசம். தள்ளிட்டேன். போய் இட்டாந்துடறேன்" என்றாய். நீ அழைத்து வந்துவிட்டால் முதலில் சாகப்போவது நீதான் என்று எனக்குத் தெரியும்.

அவளை அழைத்து வரத்தான் நீ அந்தத் திங்கட்கிழமை போனாய். ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குக்கூட வராமல், காக்கியோடு, தலையெல்லாம் கந்தகத்தோடு, கையில் டிபன் கேரியரோடு. நான் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு உன்னைத் தடுக்க ஓடி வந்தேன். உள்ளே நுழைந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து உன்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, இன்னும் கெளம்பலியா? சங்கு ஊதப் போவுது."

நீ குனிந்து உன் காக்கிச் சட்டையைப் பார்த்தாய்.

அவள் எழுந்து உன் காலரைத் தட்டிவிட்டாள். கேரியர் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். கேட் வரைக்கும் வந்தாள். "மூட்டைக்கு அடியில நிக்காத. சண்டைக்குப் போவாத. போயிட்டு வா." நீ வெளியே வந்தாய். கேட்டை மூடியது அவள்தான். மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், வேலை கிடக்கிறதே என்பது போல உள்ளே போனாள்.

தெருவில் நின்று நீ சிரித்தாய், அழுதாய், எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை. "முப்பது வருசமா இப்டித்தான அனுப்பினா? எனக்குத் தோணாம பூட்ச்சே" என்றாய். வெள்ளை வேட்டி என்றால் ஞாயிற்றுக்கிழமை, அவள் உன்னோடு கோயிலுக்குப் போகும் நாள். காக்கி அவள் வழியனுப்பும் உடுப்பு. அவ்வளவுதான் விஷயம். அதிலிருந்து நீ வெள்ளை வேட்டியோடு அங்கே போனதே இல்லை. ரிட்டயர் ஆன பிறகும் காக்கியைத் துவைத்து, கேரியரைத் துலக்கி எடுத்துக்கொண்டு கிளம்புவாய். "பென்சன் வாங்கிகினு எந்தக் கப்பலுக்கு போற நைனா?" என்று பயல்கள் கேட்டால், "உங்கம்மா வர கப்பலுக்குடா" என்பாய்.

"இது பொய் இல்லையா, நைனா?" என்று ஒரு முறை கேட்டேன். "போறேன்னு சொல்றேன், போறேன். இதுல இன்னா பொய்யி? எங்க போறேன்னு அவ கேக்கவே இல்லியே!" என்றாய்.

போன மழையில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. அம்மாவிடம் நான் உண்மையைச் சொன்னேன். ஒரே ஒரு முறை. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில், "அவரு எங்க காணோம்?" என்றாள். மறுபடியும் அவளை விதவையாக்க எனக்கு மனம் வரவில்லை. "நைனா டூட்டில கீது" என்றேன். இன்று வரை அதைத்தான் சொல்கிறேன்.

உன்னைப் புதைத்துவிட்டு வந்த ஈரம் காயவில்லை, அத்தை ஆரம்பித்தது. "அவன் ஆம்பள, தெரியாம தள்ளிட்டான். நீ பொண்ணு. வேலைய வுட்டுட்டு ஆத்தாள இட்டாந்து வெச்சிக்க. ஒரு சாவு விழுந்த வூட்ல அவதான இருக்கணும்?" இந்த முறை எனக்குப் பதில் சொல்ல நீ இல்லை. கோபம் வந்தது, ஆனால் கூடவே ஒரு சந்தேகமும் வந்தது, நைனா. அம்மாவுக்கு அந்த மடம் வெறும் கிடப்பதற்கு ஒரு இடம்தானோ, நாம்தான் ரிலீவர் அது இது என்று பேர் வைத்து நம்மை ஏமாற்றிக்கொண்டோமோ என்று. ராஜினாமா கடிதத்துக்கு மனதுக்குள் வார்த்தைகூடக் கோத்துப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு அவளை வீட்டுக்குக் கொண்டு வந்து பார்ப்பது, பிறகு முடிவு செய்வது என்று இருந்தேன்.

வந்தாள். அத்தை ஆட்டுக்கறி ஆக்கியது. அம்மா நன்றாகச் சாப்பிட்டாள். கேக்கைப் பிட்டுப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஊட்டினாள். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் 'பாத்தியா?' என்று எழுதியிருந்தது. வெயில் தாழ்ந்ததும் அம்மா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நேரமாவுது. வூட்டுக்குப் போவணும்."

"இதான் உன் வூடு, லூர்து!" என்றது அத்தை. "நீ வாக்கப்பட்டு வந்த வூடு!"

"அய்ய," என்றாள் அம்மா, மரியாதையாக. "இது உங்க வூடு. நல்லாத்தான் கீது. ஆனா என் கட்டில் காலியா கீதே. எதிர்க்கட்டில் அந்தோணியம்மா ஒண்டியா குந்திகினு இருப்பா. நான் இல்லன்னா அவ துன்ன மாட்டா."

அத்தை கரண்டியோடு நின்றுவிட்டது. இந்த வியாதிக்காரர்கள் எங்கே இருந்தாலும் வீட்டுக்குப் போகணும் என்பார்கள், எனக்கும் தெரியும். முன்பெல்லாம் இந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு அவளும் அப்படிச் சொன்னவள்தான். எந்த வீடு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது. அவள் வீட்டில் கட்டில் இருந்தது, எதிர்க்கட்டில் இருந்தது, அவளுக்காகச் சாப்பிடாமல் ஒருத்தி இருந்தாள்.

ரிக்ஷாவில் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டுக்குள் எனக்கு முன்னால் நடந்தாள். வராந்தா, இடது பக்கம், நேராகத் தன் கட்டில். செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் ஜோடியாகத் தள்ளினாள். "எங்கடி போன?" என்றாள் அந்தோணியம்மா. "விருந்துக்குப் போனேன்டி. கறி நல்லா ஆக்கினாங்கோ" என்றாள் அம்மா. இரண்டு பேரும் என்னை மறந்துபோனார்கள்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டே இருந்தேன். போக மனமில்லை. வெகுநேரம் கழித்துத்தான் அம்மா என்னைக் கவனித்தாள்.

"நீ கெளம்பு," என்றாள். "நாளைக்கு வேலை இல்ல உனக்கு? லீவு கீவு போட்றாத."

மகள் என்று தெரிந்து சொன்னாளா, வேறு யாரையாவது நினைத்துச் சொன்னாளா, நான் கேட்கவில்லை. "போறேம்மா" என்றேன். மறுநாள் சங்கு ஊதுவதற்கு முன்னால் கம்பெனி வாசலில் நின்றேன், நைனா. இப்போதும் தினமும் அவள் அன்றைக்குச் சொல்லி அனுப்பியபடிதான் வேலைக்குப் போகிறேன்.